மூன்றாம் மாடிக் கூத்துக்காரி

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் அந்த வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்த பெண்ணுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கோப்பி குடித்தாலும் நடந்துகொண்டே குடிப்பாள். தொலைபேசியில் கதைத்தாலும் நடை. நேர் கீழே, இரண்டாம் மாடியில், யோகத்தின் குசினிக் கூரைதான் அந்த நடையையெல்லாம் வாங்கிக்கொண்டது. நாலு அடி கேட்கும், நிற்கும், ஏதோ உருளும், பிறகு ஒரு ஓட்டம். ஒரு ஒழுங்கு இருந்தாலாவது பழகிவிடலாம்.

2001 மாசியில் குடிவந்த இரண்டாம் கிழமையே யோகம் பொறுத்தது போதும் என்று கையில் இருந்த அகப்பையோடு மேலே ஏறினாள். புருஷன் தம்பித்துரை விடிய ரெயில் எடுத்து ஹம் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். சண்டை பிடிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அவள்தான் போக வேண்டும். டொச் என்கிற ஜெர்மன் பாஷையில் அவளுக்கு அப்போது தெரிந்த கோபச் சொற்கள் மூன்று. மூன்றையும் படியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவில் ‘கமின்ஸ்கி’ என்று இருந்தது. போலந்துக்காரக் கிழவி ஒருத்தியாக்கும் என்று நினைத்துத்தான் மணியை அடித்தாள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. முதலில் வெளியே வந்தது ஒரு பொம்மையின் தலை. சுரங்கத் தொழிலாளியின் தொப்பி, கத்தரிக்காய் போல மூக்கு.

“சத்தம் போட்டது நானில்லை அம்மா, இவள்தான்,” என்றது பொம்மை. “எத்தனை தரம் சொல்லியிட்டன். கேக்கிறாள் இல்லை.”

பொம்மைக்குப் பின்னால் உயரமான ஒரு கறுப்பினப் பெண் நின்றாள். யோகத்துக்கு மூன்று சொற்களும் மறந்துபோயின. சிரிப்பு வந்துவிட்டது. அகப்பையில் இருந்த பருப்பு அந்தப் பெண்ணின் கால்மிதியில் ஒழுகியது.

இப்படித்தான் பழக்கம் தொடங்கியது. யோகத்தின் டொச் தாறுமாறு. மேல் வீட்டுக்காரியின் டொச் பாதிச் சொல்லை விழுங்கிவிடும் ரூர்ச் சுரங்கப் பக்கத்து டொச். இரண்டும் சேர்ந்து யோகத்தின் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகவே போய்ப் படிந்தன.

அவள் பெயர் குட்ரூன் கமின்ஸ்கி. 1962இல் பிறந்தது அந்த வீட்டிலிருந்து மூன்று ட்ராம் தரிப்பிடம் தள்ளி. தாய்க்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. தகப்பன் கானாவிலிருந்து சுரங்கத் தொழில் படிக்க வந்தவர்; படிப்பு முடிந்து போனவர் போனவர்தான். பிறகு ஒரேயொரு கடிதம் வந்தது. அதிலும் பிள்ளையின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார். பிள்ளையை ஒருவரும் ‘நீ எவ்விடம்’ என்று கேட்கக் கூடாது என்றுதான் தாய் தேடிப் பிடித்து இருக்கிறதிலேயே ஜெர்மன் பெயராக வைத்தாள். கேட்காமல் விட்டார்களா? பெயரைச் சொன்னதும் இரண்டாம் தரமும் கேட்டார்கள்.

தை மாதம், யேசு பாலனைப் பார்க்க வந்த மூன்று இராசாக்களின் திருநாளுக்குக் கத்தோலிக்கக் கோயில் பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் பாடப் போவார்கள். மூன்று இராசாக்களில் ஒருவர் கறுப்பர். மற்ற இடங்களில் அதற்கு ஒரு வெள்ளைப் பிள்ளையின் முகத்தில் கரி பூசுவார்கள். “எங்களுக்குக் கரி மிச்சம்” என்று அந்தக் கோயிலில் ஏழு வயதுக் குட்ரூனைப் பிடித்துவிட்டார்கள். அவளுக்கோ நட்சத்திரம் தூக்க ஆசை. தடியில் கட்டிய பெரிய மினுங்கல் நட்சத்திரம். அதைத் தூக்கி முன்னால் போகிற பிள்ளைதான் பாட்டைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். ஒன்பது வருஷமும் கறுப்பு இராசாதான்.

பதினாறு வயதில் தாய் அவளைத் தையல் படிக்க விட்டாள். பகலில் தையல், பின்னேரம் நடன வகுப்பு. பாலே ஆசிரியை அவளுடைய கால்களைப் பார்த்து, உனக்கு ஜாஸ்தான் பொருந்தும் என்றாள். ஜாஸ் ஆசிரியர், ஆபிரிக்க ஆட்டம் உன் இரத்தத்திலேயே இருக்கிறது என்றார்.

“என்ர இரத்தத்தில இருந்தது உருளைக்கிழங்குச் சலாட்,” என்று குட்ரூன் யோகத்திடம் சொன்னாள். “ஆபிரிக்க ஆட்டத்தை நான் காசு குடுத்துத்தான் படிச்சன். படிப்பிச்சது ஒரு ஹொலண்ட்காரி.”

பிறகு பாட்டு நாடகங்களில் பின்வரிசை. நல்ல குரல், பின்வரிசையில் நின்று பாடினால் ஆருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு தொலைக்காட்சி. தாதியாக ஏழு தரம், துப்புரவுக்காரியாகப் பதினொரு தரம், பிரேதமாக இரண்டு தரம்.

“பிரேதம்தான் திறம்,” என்றாள். “ஒருத்தரும் எவ்விடம் எண்டு கேக்கேல்ல.”

முப்பது வயதுக்கு மேல் பொம்மை பிடித்தாள். தையல் படித்த கை, பொம்மைகளைத் தானே செய்தாள். கறுப்பு உடுப்போடு பொம்மைக்குப் பின்னால் நின்றால் ஆட்களின் கண்ணில் அவள் படவே மாட்டாள். முதல் நாள் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து அழுதாளாம். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று பத்து வருஷமாகியும் அவளுக்குத் தெரியவில்லை. யோகம் அவளை அறிந்த காலத்தில் பள்ளிக்கூடங்களில் பொம்மை, ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குக் கோமாளி, செத்தவீடுகளில் பாட்டு என்று நாளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு வாசலில் கதவு மூடினால் மற்ற வாசலுக்கு. நின்றால் பிடித்துத் துப்புரவு வாளியைத் தந்துவிடுவார்கள் என்ற பயத்தோடு ஓடுகிறவளைப் போலத்தான் யோகத்துக்குத் தெரிந்தது.

“ஒண்டைப் பிடிச்சு ஒழுங்காச் செய்திருந்தால் இவ்வளவுக்கு ஒரு வீடு வாங்கியிருப்பீர்,” என்று யோகம் முகத்துக்கு நேரே சொன்னாள்.

“எனக்கு எல்லாம் ஒண்டுதான். வாயும் கையும் காலும் ஒரே ஆளிலதானே இருக்கு. கழட்டி வைக்க ஏலுமோ?”

“படி கழுவுறதையும் அந்த ஒண்டுக்க சேர்த்துக்கொள்ளும். போன கிழமை நீர் கழுவின படியில கோடு கோடா அழுக்கு.”

அந்த வீட்டில் கிழமைக்கு ஒரு குடும்பம் படிக்கட்டுக் கழுவ வேண்டும். முறை வந்தவர் கதவில் ஒரு மட்டை தொங்கும். குட்ரூனின் கிழமையில் அவள் பாடிக்கொண்டு துடைப்பத்தோடு சுழன்று இறங்குவாள். அவள் போனபிறகு யோகம் வாய்க்குள் பேசிக்கொண்டு இன்னொரு தரம் துடைப்பாள்.

2003இல் ஒரு சனிக்கிழமை ஹம்மிலிருந்து தேவமலர் வந்தாள். யோகத்தின் ஒன்றுவிட்ட அக்கா. வாய்க்குப் பூட்டில்லாத மனுசி. படியில் ஏறி வரும்போது, பொம்மைப் பையோடு இறங்கிப் போன குட்ரூன் வழிவிட்டு வணக்கம் சொன்னாள். தேவமலர் பதிலுக்கு டொச்சில் வணக்கம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தமிழில் கேட்டாள்:

“உந்தக் காப்பிலியோடி உங்களுக்கு மேல இருக்கிறது? பயமில்லையோ?”

காப்பிலி என்பது ஆபிரிக்கருக்கு இலங்கைத் தமிழ்ச் சனம் பழங்காலத்திலிருந்து சொல்லிவருகிற பெயர். அதில் மரியாதை மருந்துக்கும் இல்லை. இந்த நாட்டுத் தெருவில் ஆரும் தங்கள் நிறத்தைச் சொல்லிக் கத்தினால் ஒரு மாதம் கொதிக்கிற சனம்தான், பஸ்ஸில் பக்கத்தில் ஒரு கறுப்பர் வந்து இருந்தால் இந்தச் சொல்லைச் சாதாரணமாக எடுத்து விடும். யோகமும் சொன்னவள்தான். முதல் நாள் அகப்பையோடு இறங்கி வந்து புருஷனிடம் “மேல இருக்கிறது ஒரு காப்பிலி, ஆனால் நல்ல பகிடி” என்றுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை குட்ரூன் குசினி வாசலில் வந்து நின்றாள். பாட்டுக்காரியின் காது அல்லவா, தேவமலரின் இழுவையோடு அப்படியே சொன்னாள்:

“காப்பிலி. அப்பிடியெண்டால் என்ன?”

யோகத்தின் கையில் லீக்ஸ் வெட்டிய கத்தி.

“பஸ்ஸிலயும் உங்கட ஆக்கள் சொல்லுறவை. கடையிலயும் சொல்லுறவை. நான் வந்தால்தான் சொல்லுவினம். அப்ப அது நான்தானே?”

யோகம் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பைக்கு வெளியே பொம்மையின் கத்தரிக்காய் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

“கலைஞர்,” என்றாள். “பாடுறது, ஆடுறது, உப்பிடிச் செய்யிற ஆள்.”

குட்ரூன் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டரை வருஷத்தில் அவள் அந்தக் குசினியில் உட்கார்ந்து யோகம் பார்த்ததே இல்லை.

“அவைக்கு எப்பிடித் தெரியும்?” என்று மெல்லக் கேட்டாள். “நாப்பத்தொரு வருசமா இந்த ஊரில இருக்கிறன். மண்டபத்துக்கு ஆடப் போனால் வாளி எங்க இருக்கு எண்டு காட்டுறாங்கள். உங்கட சனம் பஸ்ஸில பாத்த உடன கண்டுபிடிக்குது.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லீக்ஸை வெட்டி முடித்தாள், தேவைக்கு மேலேயே வெட்டினாள்.

தன் வீட்டில் அந்தச் சொல் வரக் கூடாது என்று மட்டும் யோகம் சட்டம் போட்டாள்.

“அப்ப அவளை என்னெண்டு சொல்லுறது?” என்றாள் அடுத்த முறை வந்த தேவமலர்.

“பேர் இருக்கு. குட்ரூன்.”

“அது என்ர வாயில வருகுதில்லை.”

“காப்புறுதிக்காரரின்ர கிராங்கன்காஸ வருகுது, வரிக் கந்தோரின்ர பின்னான்ஸம்ட் வருகுது, குட்ரூன் வராதோ?”

வீட்டின் வாயைக் கட்டலாம், ஊரின் வாயைக் கட்டலாமா? ஒரு நாள் குட்ரூனும் யோகமும் ட்ராமில் போகும்போது, கடைப் பைகளோடு முன்னால் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். குட்ரூன் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, மேடையில் குனிவது போல அவர்களுக்குக் குனிந்தாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யோகம் யன்னலால் வெளியே பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு கார் கழுவுமிடம்தான்.

2006 தொடக்கத்தில் குட்ரூனுக்கு, வேலை குறைந்த மாதங்களில் உதவிப் பணம் தருகிற வேலைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வைகாசி முடிவதற்குள் தன் தொழிலில் நிற்க முடியும் என்று காட்ட வேண்டும்; இல்லையென்றால் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர வேண்டும். அது நல்ல வேலைதான். யோகத்தின் சொந்தக்காரரில் பாதிப்பேர் அதில்தான் நின்றார்கள். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்போடு நிற்கிற வேடத்தை ஏழு தரம் போட்டவளுக்கு அந்தக் கடிதம் எட்டாம் தரம் மாதிரித்தான் இருந்தது.

அவளிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. தன் கதையைத் தானே பாடி, ஆடி, பொம்மை பிடித்துச் செய்கிற ஒரு மணித்தியால ஆட்டம். மூடிப்போன ஒரு சுரங்கத்தின் குளிப்பறை மண்டபம் அதற்குக் கிடைத்தது. நகரசபை உதவிக்குப் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் துறை என்று ஒரு இடம்: பாட்டு, நடனம், நாடகம், பொம்மை, ஒன்றை மட்டும் அடையாளமிடவும். குட்ரூன் நாலையும் அடையாளமிட்டாள். மூன்று தரம் திரும்பி வந்தது. நாலாம் தரம் கந்தோர்ப் பெண் தொலைபேசியில், இது என்ன வகை என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்றாள். டொச்சில் அப்படி ஒரு சொல் இல்லை, தமிழில் இருக்கிறது என்றாள் குட்ரூன். அவளுக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல். கந்தோர்ப் பெண்ணுக்கு அது பிடித்துப்போனது. ஆட்டத்துக்கு அதையே பெயராக வையுங்கள் என்று சொல்லி உதவியையும் எழுதிவிட்டாள்.

யோகத்துக்கு இது ஒன்றும் தெரியாது. சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் கிருசாந்தி கொப்பியும் பேனையுமாகக் குசினிக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள்.

“அம்மா, காப்பிலிக்கு நடுவில ‘ப்’ வருமோ?”

“என்ன சொன்னனி?”

“குட்ரூன் அன்ரி தமிழில எழுதித் தரச் சொன்னவ. போஸ்டருக்கு. கலைஞர் எண்டு அர்த்தமாம். செவ்வாய்க்கிழமை அச்சடிக்கக் குடுக்கவேணும். தமிழ்ப் பள்ளி அப்பா அம்மாக்கள் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறா, அறுபது கதிரை.”

யோகம் அடுப்பை நிற்பாட்டினாள். கறி அரை வேக்காட்டில் நின்றது. மேலே கால்கள் ஓடின, நின்றன, சுழன்றன. அந்தக் கிழமை முழுக்கத் தலைக்கு மேல் குட்ரூன் பழகிக்கொண்டிருந்த ஆட்டம் எந்தப் பெயரில் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தம்பித்துரை வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

“டொச்சுக்காரருக்கு விளங்காது,” என்றார் அவர்.

“அறுபது கதிரைக்கு விளங்கும்.”

“சிரிச்சிட்டுப் போவினம்.”

“அவ மேடையில நிண்டு தன்னைத்தானே அப்பிடிச் சொல்லுவா. நான் முன்னுக்கு இருந்து பாக்கிறதோ?”

“அப்ப போகாதையும்.” சோற்றைப் பிசைந்தார். “இஞ்சேரும், இப்ப சொன்னால் அந்த மனுசி உடைஞ்சு போகும். அந்தச் சொல்லைக் காட்டித்தானே காசே எடுத்தது. சொல்லாமல் விட்டால் ஒரு நாளோட முடிஞ்சிடும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் யோகத்துக்கு இன்னும் எரிச்சல். அன்று அவள் மூன்று அலுமாரியை ஒதுக்கினாள். ஒதுக்கியதையே திரும்ப ஒதுக்கினாள்.

அடுத்த நாள் அவளுடைய படி கழுவும் முறை. மூன்றாம் மாடியிலிருந்து கழுவிக்கொண்டு இறங்கும்போது குட்ரூன் சந்தைக் கூடையோடு கீழேயிருந்து ஏறி வந்தாள்.

“அதில நில்லும்,” என்றாள் யோகம். “ஒண்டு சொல்லவேணும். நான் பொய் சொன்னனான்.”

“என்னத்தை?”

“காப்பிலி எண்டால் கலைஞர் இல்லை. கறுப்பு ஆக்களை எங்கட சனம் சொல்லுறது. நல்ல சொல் இல்லை. கூடாத சொல்.”

குட்ரூன் கூடையைக் கீழே வைத்தாள்.

“எவ்வளவு கூடாது?”

டொச்சில் அதற்கு ஈடான சொல் யோகத்துக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்னாள். படிக்கட்டில் அது கீழ்மாடி வரைக்கும் கேட்டது.

“நீரும் சொன்னனீரோ?”

“ஓம். முதல் நாள். உம்மைத் தெரிய முதல். பேந்து சொல்லேல்ல.”

“ட்ராமில அந்த ரெண்டு பேரும் சொல்லேக்க நான் எழும்பிக் குனிஞ்சன்.” குட்ரூன் குரலை உயர்த்தவில்லை. “நீர் அண்டைக்கு யன்னலால பாத்துக்கொண்டு இருந்தனீர். ஏன் எண்டு அப்ப யோசிச்சனான்.”

குட்ரூன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஈரப் படியில் ஏறிப் போனாள். ஒவ்வொரு படியிலும் சப்பாத்து அடையாளம் விழுந்தது. யோகம் அதைத் துடைக்காமல் விட்டாள்.

அதற்குப் பிறகு கூரையில் சத்தம் இல்லை. சனி இல்லை, ஞாயிறு இல்லை. ஐந்து வருஷமாக எந்தச் சத்தத்தைத் திட்டினாளோ அதற்காக யோகம் சட்டியைக் கழுவும்போதும் காதைக் கூராக வைத்துக்கொண்டு நின்றாள். இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இப்போது நடந்துகொண்டே இருந்தது இவள்தான். ஞாயிறு மத்தியானம் தேவமலருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, பாடி ஆடி நடிக்கிற பொம்பிளையை நாங்கள் என்னெண்டு சொல்லுவம்?”

“ஏன், கிருசாந்தியை நடிக்க விடப்போறியோ?”

“கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்கோ.”

“ஆட்டக்காரி.”

“அது ஆம்பிளையளோட திரியிறவளைச் சொல்லுறது.”

“நாடகக்காரி.”

“அது பொய் சொல்லுறவளை.”

“அப்ப கலைஞர் எண்டு சொல்லன்.”

“அது பொன்னாடை போர்க்கேக்க சொல்லுறது. படியில போற ஆளைப் பாத்து ஆர் கலைஞர் எண்டு சொல்லுறது?”

பின்னால் தேவமலரின் வீட்டுத் தொலைக்காட்சி அலறியது. “எங்கட பக்கத்தில கூத்து ஆடினவையைக் கூத்துக்காரர் எண்டுதானே சொன்னது. அவையள்தான் பாடினது, அவையள்தான் ஆடினது, சண்டையும் அவையள்தான் பிடிச்சது. ஆருக்கடி இதெல்லாம்?”

“குட்ரூனுக்கு.”

“ஆருக்கு?” என்று கேட்டுவிட்டு, “ஓ, மேல் வீட்டு குட்... குட்ரூன்,” என்றாள் தேவமலர். வாயில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை மணி அடித்தது. குட்ரூன் நின்றாள். கையில் பொம்மை இல்லை. கண் வீங்கியிருந்தது.

“நாளைக்குப் பத்து மணிக்கு அச்சகத்துக்குப் பேர் குடுக்கவேணும். தமிழ்ச் சொல் எண்டு நகரசபைக்குச் சொல்லியாச்சு. ஒண்டு தாரும். இந்த முறை உண்மையானது.”

மன்னிப்பு என்று யோகம் ஏதோ தொடங்கினாள். குட்ரூன் கையைக் காட்டி நிற்பாட்டினாள். “அதைப் பிறகு பாப்பம். எனக்கு நேரமில்லை. சொல்லும்.”

யோகம் கூத்தைப் பற்றிச் சொன்னாள். வட்டக் களரி, மத்தளம், பாட்டு, ஆட்டம், வாள்ச்சண்டை, பகிடி எல்லாம் ஒன்றிலேயே வரும் என்றும், எந்தத் துறை என்று ஒருவரும் அடையாளம் போடச் சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னாள். ஆடுகிறவர் கூத்துக்காரர், பெண்ணென்றால் கூத்துக்காரி.

“கூத்துக்காரி,” குட்ரூன் ஒரே தரத்தில் சரியாகச் சொன்னாள். “இதில கூடாத அர்த்தம் என்ன இருக்கு? இல்லை எண்டு சொல்லாதையும். இருக்கும்.”

யோகம் பெருமூச்சு விட்டாள். “இருக்கு. ஆம்பிளையைச் சொன்னால் தொழில். பொம்பிளையைச் சொன்னால் எப்பன் முகம் சுளிப்பினம். எங்கட ஊரில பொம்பிளையள் ஆடுறேல்ல, ஆம்பிளையள்தான் சீலை கட்டி ஆடினவை.”

“எப்பிடிச் சுளிப்பினம்? செய்து காட்டும்.”

யோகம் செய்து காட்டினாள். உதட்டை ஒரு பக்கம் இழுத்து, நாடியைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி; தேவமலர் அப்படியே வந்து நின்றாள். குட்ரூன் அதைப் பார்த்துத் தன் முகத்தில் போட்டுக்கொண்டாள், யோகத்தை விடத் திறமாக. இன்னொரு தரம் போட்டாள். பிறகு வாசலுக்கும் யன்னலுக்கும் இடையில் நடக்கத் தொடங்கினாள்.

“இது பரவாயில்லை,” என்றாள். “இதை வைச்சு வேலை செய்ய ஏலும்.”

கிருசாந்தி எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை நூற்றைம்பது போஸ்டர் வந்தது. யோகம் ஒன்றை விரித்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள். பெரிய எழுத்தில் ‘கூததுககாரி’ என்று இருந்தது. ஜெர்மனியில் பிறந்த பிள்ளை, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டாள்.

“என்ன?” என்றாள் குட்ரூன். “திரும்பவும் கூடாத சொல்லோ?”

“இல்லை. இது ஒண்டுமே இல்லை. ரெண்டு புள்ளி குறையுது.”

அன்று முழுக்க இரண்டு பேரும் குசினி மேசையில் கறுப்புப் பேனையோடு முந்நூறு புள்ளி வைத்தார்கள். யோகம் உட்கார்ந்து வைத்தாள், குட்ரூன் நின்றபடி வைத்தாள். யோகத்தின் புள்ளிகள் மிளகு போலச் சின்னதாக ஒரே அளவில் இருந்தன. குட்ரூனுடையவை கால் போன இடத்துக்கு எல்லாம் போயின. இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. மத்தியானம் யோகம் புட்டும் முட்டைப் பொரியலும் வைத்தாள். குட்ரூன் சாப்பிட்டாள், நன்றி சொன்னாள். வழக்கமாக விடுகிற பகிடி ஒன்றும் விடவில்லை.

ஆட்டத்தன்று தமிழ்ச் சனத்துக்கென்று போட்ட அறுபது கதிரையில் நாற்பது நிரம்பியது. தேவமலர் ஹம்மிலிருந்து புதுச் சேலையோடு வந்திருந்தாள். அந்த மண்டபத்தில் ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர் உடுப்பை மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு இழுத்துவிடுவார்கள்; சங்கிலிகள் இன்னும் தொங்கின. குட்ரூன் ஒவ்வொரு சங்கிலியாக இழுத்து ஒவ்வொரு வேடத்தை இறக்கினாள். தாதி உடுப்பு, துப்புரவு வாளி, இராசாவின் கிரீடம். பாடினாள், ஆடினாள், பிரேதமாகப் படுத்துக் கிடந்து ஒரு பாட்டுப் பாடினாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு ஒரு சங்கிலியில் புதுப் பொம்மை இறங்கியது. பொம்மையின் கையில் அகப்பை.

யோகத்துக்குக் காது சூடாகியது. மேடையில் குட்ரூன் பொம்மையிடம் கேட்டாள், அந்த இழுவையோடு: “காப்பிலி. அப்பிடியெண்டால் என்ன?” அகப்பைப் பொம்மை அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, “கலைஞர்” என்றது. டொச்சுக்காரர் சும்மா இருந்தார்கள். நாற்பது கதிரை சிரித்தது. சிரித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு கதிரையாகச் சிரிப்பை நிறுத்தியது. தேவமலர் மடியில் கைப்பையைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். யோகம் எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இந்த முறை பார்க்க யன்னலும் இல்லை. மேடையைப் பார்த்தாள்.

கடைசிச் சங்கிலியில் மினுங்கல் நட்சத்திரம் வந்தது. குட்ரூன் அதைத் தடியில் மாட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, தானே பாட்டைத் தொடங்கினாள்.

அதனால் அவள் பெரிய ஆளாகிவிடவில்லை. பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. வேலைக் கந்தோர் இன்னும் ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தது, பிறகு இன்னொரு வருஷம். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், ஹம்மில் ஒரு தரம் என்று அந்த ஆட்டத்தை அவள் நாற்பது இடத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு திரிந்தாள். முதியோர் இல்லங்களுக்கும் போனாள், வெள்ளை உடுப்பில்லாமல், நட்சத்திரத்தோடு.

யோகத்தின் குசினிக் கதிரையில் மட்டும் பிறகு ஒருநாளும் உட்காரவில்லை. யோகத்தை நம்புவதற்கும் ஒரு நிபந்தனை வந்துவிட்டது. யோகம் எதைச் சொன்னாலும், கடைக்காரன் சொன்ன தமிழ்ச் சொல்லாக இருக்கட்டும், கறியில் உப்பு அளவு என்று சொன்னதாக இருக்கட்டும், குட்ரூன் வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பாள்:

“இது உண்மையோ, இல்லாட்டிப் படியிலதான் சொல்லுவீரோ?”

முதலில் யோகத்துக்குச் சுருக்கென்று குத்தியது. பிறகு பதில் வைத்துக்கொண்டாள்.

2008இல் புது ஆட்டம் ஒன்றை முதன்முதலில் அவளுக்குத்தான் பாடிக் காட்டினாள் குட்ரூன். பாடி முடித்து, மூச்சு வாங்க நின்றாள்.

“எப்பிடி?”

“நடுவில நித்திரை வருகுது,” என்றாள் யோகம். “அதைப் படியிலயும் சொல்லுவன்.”

குட்ரூன் ஒரு முறை பார்த்தாள். அகப்பையை வாங்கி அவள் கறியைக் கிண்டிவிட்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் கூரையில் கால்கள் தொடங்கின, நடுவில் இருந்து.